அழைத்தவன் பெயர்



வேட்டையைப் பற்றிய பேச்சு தமிழவைக்குப் புதிதன்று. குறிஞ்சி நில மக்களின் தொழில்களுள் ஒன்றாக வேட்டையை வைத்துப் பேசுவது தமிழ் இலக்கண மரபு. வில்லாண்மையைப் புகழ்ந்த பாட்டுகளும் பழந்தொகைகளில் உள. ஆயினும் இன்று எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் அம்மரபினின்றும் வெகு தொலைவில் இருப்பது. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், செப்டம்பர் மாதத்தில், நெருங்கிய நண்பர் இருவர் சேர்ந்து மேற்கொள்ளும் ஒரு மான் வேட்டையே அப்பொருள். அவ்வேட்டையின் முடிவில் ஒருவர் பெயர் ஏட்டில் ஏறுகிறது. மற்றவர் பெயர் ஏறுவதில்லை. ஏறாத அந்தப் பெயரைத் தேடிச் செல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் மானின் பெயர். அமெரிக்கர் இதனை எல்க் என்பர். ஐரோப்பாவில் அதே சொல் வேறொரு விலங்கைக் குறிக்கும். அகன்ற கொம்பும் தொங்கும் மூக்கும் உடைய அதனை அமெரிக்கர் மூஸ் என்பர். இலங்கையின் மலைநாட்டில் குடியேறிய ஆங்கிலேயரோ மரையைக் கண்டு எல்க் என்று எழுதிவைத்தனர். தமிழகத்தில் கடமான் என்றும் மிளா என்றும் வழங்குவதும் அந்த மரையே. ஆக ஒரே சொல் மூன்று கண்டங்களில் மூன்று விலங்குகளுக்கு உரியதாயிற்று. குடியேறியவன் தான் கண்டதற்குத் தன் ஊர்ப் பெயரை இட்டுச் செல்வான்; அங்கு ஏற்கெனவே வாழ்ந்தவன் அதனை என்னவென்று அழைத்தான் என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஷானி என்னும் பழங்குடியினர் இம்மானை வாப்பிட்டி என்றனர். வெண்ணிறப் பின்புறம் உடையது என்பது அதன் பொருள். அச்சொல் விலங்கு நூல்களில் நிலைத்தது. வழக்கில் எல்க் என்பதே வென்றது.

ராக்கி மலையின் ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ எடை உடையது. ஆண்டுதோறும் குளிர்காலத்தின் இறுதியை ஒட்டிக் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிய கொம்பை வளர்க்கும். கோடையில் அக்கொம்பு மென்மயிர்த் தோல் போர்த்து, நாளொன்றுக்கு ஓர் அங்குலம் வரையிலும் வளரும். கோடை முடிவில் அத்தோலை மரங்களில் உரசிக் களையும். செப்டம்பரில் இணைசேர் பருவம் தொடங்கும்போது மலை முழுவதும் அதன் குரல் கேட்கும். அடித்தொண்டையில் எழுந்து, சீழ்க்கைபோல் உயர்ந்து, உறுமலாய்த் தாழும் குரல் அது. அத்தனை பெரிய உடலிலிருந்து அத்தனை மெல்லிய ஒலியா என்று முதன்முறை கேட்பவர் வியப்பர்.

வேட்டை செப்டம்பரில் நடப்பினும் அதன் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடும். தடம் பார்த்தல் என்று அதனைச் சொல்லலாம். குளிர்காலத்தில் நண்பர் இருவரும் நிலவரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சரிவில் நீர் உண்டு, எந்தப் பக்கம் வடக்கு நோக்கிய அடர்காடு, எங்கே மேய்ச்சற் புல்வெளி என்று பார்ப்பர். உரிமச் சீட்டு பல மாநிலங்களில் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். நல்ல பகுதிக்குப் பல ஆண்டுகள் காத்திருப்போரும் உளர். சூலை, ஆகஸ்டு மாதங்களில் விடியுமுன் முகட்டின்மேல் ஏறி, தொலைநோக்கியால் எதிர்ச் சரிவை மணிக்கணக்காகத் துழாவுவர். ஒருவர் பார்ப்பதை மற்றவர் குறித்துக்கொள்வார். பட்டை உரிந்த மரம், ஆண்மான் புரண்ட சேற்றுக்குழி, பெண்மான் கூட்டம் படுத்தெழுந்த புல், பழைய தடம், புதிய தடம் என யாவும் குறிக்கப்படும். கால்கடுக்க நடந்து ஒன்றுமே காணாமல் திரும்பும் நாள்களே மிகுதி. அந்நாள்களில்தான் நட்பு சோதிக்கப்படுகிறது. பேசாமல் உடனிருக்கத் தெரிந்தவனையே இப்பணிக்குத் துணையாகக் கொள்ள முடியும்.

காற்று வேறு இருக்கிறது. மலையில் காலைக் காற்று குளிர்ந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். வெயில் ஏறியபின் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும். மானுக்கு மனித வாடை எட்டினால் ஓராண்டு உழைப்பும் ஒரு நொடியில் வீண். ஆகவே காலையில் ஒரு வழி, மாலையில் ஒரு வழி என்று ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் மாற்றுவர்.

வில்லுடன் செல்வோர் மானை மிக அருகில் வரச்செய்தாக வேண்டும். இங்கேதான் இரண்டாமவன் இன்றியமையாதவன் ஆகிறான். வில்லேந்தியவன் முன்னே ஒரு மரத்தை ஒட்டி நிற்பான். நண்பன் அவனுக்குப் பின்னே முப்பது, நாற்பது கஜத்தில் மறைந்து நின்று, பெண்மானின் குரலையோ போட்டிக்கு வந்த ஆண்மானின் குரலையோ எழுப்புவான். அழைப்பைக் கேட்ட ஆண்மான் நேரே வராது. குரல் வந்த இடத்துக்குக் காற்றுவாக்கில் சுற்றி வந்து, மோப்பம் பிடித்த பின்னரே நெருங்கும். அதன் கண்ணும் காதும் மூக்கும் அழைப்பவன்மீதே இருக்கும். அவ்வாறு சுற்றி வருகையில் அது வில்லேந்தியவனைக் கடந்து செல்லும். அழைப்பவன் பெரும்பாலும் மானைக் காண்பதில்லை. நாண் ஒலியை மட்டுமே கேட்கிறான். பின்னர் இரத்தத் தடத்தைத் தொடர்வதும், இருட்டிய பின்பும் தோலுரித்து இறைச்சியைப் பகுதிகளாக்கிச் சுமப்பதும் இருவர்க்கும் பொது. இறைச்சியை வீணடிப்பது அங்குப் பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். 300 கிலோ விலங்கை ஒருவன் தனியே மலையிறக்குவது எளிதன்று.

இனி, ஏட்டுக்கு வருவோம். வில்லால் வீழ்த்திய விலங்குகளின் பதிவை அமெரிக்காவில் போப் அண்டு யங் கழகம் பேணுகிறது. கொம்பை 60 நாள் உலரவைத்த பின்பே முறைப்படி அளப்பர். இரு தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், தண்டின் சுற்றளவு, இரு கொம்புகளுக்கு இடைப்பட்ட அகலம் ஆகியவற்றைக் கூட்டி, இடக்கொம்புக்கும் வலக்கொம்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கழிப்பர். ஒழுங்கான கொம்புடைய எல்க் அவ்வேட்டில் இடம்பெற 260 அங்குலம் வேண்டும். துப்பாக்கி வேட்டைக்கும் இடம் தரும் மற்றொரு கழகமான பூன் அண்டு கிராக்கெட்டின் நிலையான பட்டியலில் ஏற 375 வேண்டும். பட்டியலில் அளவு இருக்கும், இடம் இருக்கும், ஆண்டு இருக்கும், வீழ்த்தியவர் பெயர் இருக்கும். பின்னே நின்று அழைத்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை. அளவுகோலில் அது ஓர் அங்குலமும் ஆவதில்லை.

சேக்கிழாரின் நினைவு இங்கே வருவது இயல்பு. திண்ணனாரின் முதல் வேட்டையில் பன்றியைத் துரத்தி உடன் ஓடியவர் இருவர். பன்றியை வீழ்த்தியது திண்ணனாரின் சுரிகை. அவ்விருவர் செய்ததெல்லாம் உடன் வந்ததும், தண்ணீர் இருக்கும் இடம் சொன்னதும், தீ மூட்டியதும், மலை மேல் இருக்கும் தேவரைப் பற்றிக் கூறியதுமே. ஆயினும் நாணன், காடன் என்று இருவர் பெயரையும் புராணம் விடாமல் சொல்கிறது. பிற்பாடு திண்ணனாரைப் பித்தேறியவராகக் கருதி அவ்விருவரும் விட்டுச் செல்கின்றனர். அதற்காகவும் பெயரை நீக்கவில்லை. ஏடு எழுதுவோர் இரண்டு வகை என்பதற்கு இது போதும்.

ஆனால் போப் அண்டு யங் என்ற பெயரைச் சற்று நின்று பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அப்பெயரே நண்பர் இருவருடையது. சாக்ஸ்டன் போப் சான் பிரான்சிஸ்கோவில் அறுவை மருத்துவர். ஆர்தர் யங் அவருடைய வேட்டைத் துணைவர். இருவரும் 1920-இல் எல்லோஸ்டோன் பகுதிக்குச் சென்று, கலிபோர்னியா அறிவியல் கழக அருங்காட்சியகத்துக்காகக் கரடிகளை வில்லால் வீழ்த்தினர். 1925-இல் ஆப்பிரிக்கா சென்று திரும்பினர். துப்பாக்கி மலிந்த நாட்டில் வில்வேட்டை மீண்டும் தழைத்ததற்கு இவ்விருவரும் போப் 1923-இல் வெளியிட்ட நூலும் பெருங்காரணம். 1926-இல் போப்பும் 1935-இல் யங்கும் மறைந்தனர். 1961-இல் கழகம் முறையாக அமைந்தபோது அவ்விரு நண்பர் பெயரையே அதற்கு இட்டனர். நட்புக்கு இதைவிடப் பெரிய சிறப்பு வேண்டுமா என்று தோன்றும். ஆனால் போப்புக்கு வில்லைக் கையில் எடுத்துத் தந்த நண்பர் மற்றொருவர். அவர் பெயர் கழகத்தின் பெயரில் இல்லை. அவருடைய உண்மைப் பெயரை எவரும் அறியார்.

அவர் கதையைச் சொல்ல, மீண்டும் எல்க்கிலிருந்தே தொடங்கவேண்டும். கலிபோர்னியாவின் புல்வெளிகளில் டூலி எல்க் என்னும் சிறிய இனம் இலட்சக்கணக்கில் வாழ்ந்தது. 1848-இல் அங்கே பொன் கண்டெடுக்கப்பட்டது; 1849-இல் பெருங்கூட்டம் வந்து குவிந்தது. வந்தவர்க்கு இறைச்சி வேண்டியிருந்தது, தோல் வேண்டியிருந்தது, நிலம் வேண்டியிருந்தது. 1870-களில் டூலி எல்க் அழிந்தே போயிற்று என்று எண்ணும் நிலை வந்தது. ஹென்றி மில்லர் என்ற பண்ணையாரின் நிலத்துச் சதுப்பில் ஒரு சில மட்டும் எஞ்சியிருப்பது கண்டு, அவர் அவற்றைச் சுடக்கூடாது என்று காப்பளித்தார். இன்று உயிரோடு இருக்கும் சில ஆயிரம் டூலி எல்க்குகளும் அந்தச் சிலவற்றின் வழிவந்தவையே.

அதே கூட்டம், அதே ஆண்டுகளில், லாசன் மலையின் மேற்கு அடிவாரத்தில் மில் கிரீக், டீர் கிரீக் என்னும் ஓடைகளை ஒட்டி வாழ்ந்த யாஹி மக்களையும் வேட்டையாடியது. இங்கு வேட்டை என்பது உருவகமன்று. குடியேறியவர் குழுக்களாகச் சேர்ந்து, வழிகாட்டிகளை முன்னே விட்டு, தடம் பார்த்துச் சென்று, விடியலில் உறைவிடங்களைச் சூழ்ந்து சுட்டனர். 1870-களின் தொடக்கத்தில் எஞ்சிய சிலர் மறைந்து வாழத் தொடங்கினர். பாறைமேல் பாறையாகக் கால்வைத்துத் தடம் விடாமல் நடந்தும், புகை தெரியாமல் சமைத்தும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வாழ்ந்தனர். மானைக் கண்டுபிடிக்கும் கலையை முற்றக் கற்றவர்கள், தாமே கண்டுபிடிக்கப்படாமல் இருக்க அதே கலையைத் திருப்பிப் பயன்படுத்தினர். 1908-இல் நில அளவையாளர் சிலர் அவர்கள் மறைவிடத்தில் தற்செயலாய் நுழைந்தனர். அங்கிருந்தவர் நால்வர், ஒருத்தி நடக்கவியலாத முதியவள். வந்தவர்கள் கையில் கிடைத்த வில், அம்பு, கூடை, போர்வை எல்லாவற்றையும் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றனர். குளிர்காலம் நெருங்கும் வேளையில் ஒரு குடும்பத்தின் உயிர்க் கருவிகளை எடுத்துச் சென்றவர்களுக்கு அது தவறாகவே தோன்றவில்லை.

1911 ஆகஸ்டு 29 அன்று, ஓரோவில் என்ற ஊரின் இறைச்சிக்கூடத்துத் தொழுவத்தில் பசியால் மெலிந்த ஒருவர் அகப்பட்டார். நால்வருள் எஞ்சியவர் அவர் ஒருவரே. துக்கத்தின் அடையாளமாகத் தலைமயிரைக் கரித்துக் குறைத்திருந்தார். ஊர்க்காவலர் அவரைச் சிறையில் வைத்தார். குற்றம் செய்தார் என்பதற்காக அன்று, வேறெங்கு வைப்பது என்று தெரியாமையால். பேசியது எவருக்கும் புரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வாட்டர்மன் என்ற மானிடவியலார், யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். யானா என்பது யாஹி பேச்சுக்கு நெருங்கிய உறவுமொழி. ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டே போனார். எதிரே இருந்தவர் முகத்தில் மாற்றமில்லை. சிவினி என்ற சொல் வந்தது. மஞ்சள் பைன் மரத்துக்கு அது பெயர். அதைச் சொல்லிக்கொண்டே வாட்டர்மன், பைன் மரத்தாலான கட்டிலின் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். கைதியின் முகம் மலர்ந்தது. இருவரும் மாறி மாறிக் கட்டிலைத் தட்டிச் சிவினி, சிவினி என்றனர்.

சொல்லைப் பேணுதல் எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். நூலகத்தில் தூசி படிந்திருந்த ஒரு சொற்பட்டியல், சிறையில் கிடந்த ஒருவனுக்கு முதற்கதவைத் திறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லலாம்.

சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவருக்குத் தங்க இடம் தந்தனர். செய்தியாளர் பெயர் கேட்டனர். அவர் மக்களிடையே தன் பெயரைத் தானே சொல்லும் வழக்கமில்லை. வேறொருவர் அறிமுகம் செய்யவேண்டும். அறிமுகம் செய்ய ஒருவரும் உயிரோடு இல்லை. ஆல்பிரட் குரோபர் என்ற பேராசிரியர் அவருக்கு இஷி என்று பெயரிட்டார். யானா மொழியில் மனிதன் என்பது அதன் பொருள். தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டாமல் விடுவது தமிழ் அகப்பாட்டின் இலக்கணம். அங்கே அது எல்லார்க்கும் பொதுவான உணர்வைக் காக்கும் உத்தி. இஷியின் பெயரின்மையோ ஓர் இனமே இல்லாமற்போனதன் சுவடு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுதல் அழகாக இருக்கலாம், உண்மையாகாது.

அருங்காட்சியகத்தை ஒட்டியே மருத்துவக் கல்லூரி. அங்கு 1912-இல் வந்த போப், முற்றத்தில் இஷி வில் செய்வதைப் பார்க்கத் தொடங்கினார். பின்பு தாமே கற்கத் தொடங்கினார். இஷி அவரைப் போப்பி என்று அழைத்தார். போப்பின் அறுவைத் திறத்தைவிட, நாணயத்தை மறையச்செய்யும் கைவித்தைகளே இஷியைப் பெரிதும் கவர்ந்தனவாம். உள்ளதை அறுத்தெடுப்பதில் வியப்பென்ன, இல்லாமல் ஆக்குவதன்றோ மருத்துவனுக்கு அழகு!

இஷியின் வில் ஜூனிப்பர் மரத்தால் ஆனது. உயரம் ஓர் ஆளின் மார்பளவுக்கும் குறைவு. அதுபற்றி அவருக்குத் திட்டமான கொள்கைகள் இருந்தன. வில்லை நிறுத்தி வைத்தால் அது வேலை செய்துகொண்டே இருக்கும், வேர்த்துக் களைக்கும். எனவே படுக்கவைக்க வேண்டும். எவரும் அதைத் தாண்டக்கூடாது. வேட்டைக்கு முன்னாள் மீன் உண்பதில்லை, புகைப்பதில்லை. விடியலில் ஓடையில் குளித்து, நறுமண இலைகளால் உடலைத் தேய்த்துக்கொள்வார். வெள்ளையரின் வாடை விலங்குகளுக்கு வெகு தொலைவிலேயே எட்டும் என்பது அவர் கருத்து. இன்றைய எல்க் வேட்டைக்காரர் வாடையை மறைக்கக் கடையில் வாங்கும் திரவங்களைக் கண்டால் இஷி சிரித்திருப்பார்.

அழைப்பதில் அவருக்கு இணையில்லை. மான்தலைத் தோலுக்குள் இலைகளைத் திணித்துத் தலைமேல் அணிந்து, புதருக்குமேல் சற்றே உயர்த்தித் தாழ்த்தி மானை அருகே ஈர்ப்பார். இரு விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோல் உறிஞ்சி, துன்புறும் முயற்குட்டியின் குரலை எழுப்புவார். போப் இதனை ஒருமுறை சோதித்தார். ஒரே மாலைப்பொழுதில் 12 இடங்களில் அழைக்கச் சொன்னதில் 5 முயல்களும் ஒரு காட்டுப்பூனையும் வந்தன. மருத்துவரல்லவா, எண்ணி எழுதிவைத்தார். அந்த எண்ணிக்கை இல்லையேல் இச்செய்தி இன்று இல்லை என்பதையும் நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

மற்றோர் எண்ணிக்கையும் உண்டு. இலக்குப் பலகை வைத்து எய்தபோது மாணவராகிய போப் விரைவிலேயே ஆசிரியரை மிஞ்சினார். இஷிக்குப் பலகையில் நாட்டமில்லை. தொலைவான இலக்கை எய்வது அவர் மரபிலேயே இல்லை. அருகில் வந்த உயிருள்ள இரைமீது எய்யும்போதோ நிலைமை தலைகீழ். புள்ளியிட்டு மதிப்பிட்டால் இஷி தோற்றவர். காட்டில் போப் அவர் மாணவர். எதை அளக்கிறோமோ அதற்கேற்பவே வென்றவனும் மாறுகிறான்.

1914-ஆம் ஆண்டு மே மாதம் குரோபர், வாட்டர்மன், போப், போப்பின் 11 வயது மகன் ஆகியோர் இஷியுடன் டீர் கிரீக் பள்ளத்தாக்குக்குச் சென்றனர். இஷி முதலில் இசையவில்லை. அங்கே நாற்காலி இல்லை, கட்டில் இல்லை, உணவும் போதாது என்றார். இறந்தவர்கள் உறையும் நிலத்துக்கு அயலாரை அழைத்துச் செல்ல அவர் தயங்கியதை அச்சொற்கள் மறைத்தன போலும். சென்றபின் மனம் மாறியது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் சொன்னார். செடிகளின் பெயரும் பயனும் சொன்னார். நீந்தினர், வேட்டையாடினர், இரவில் பாடினர். எந்த மடுவில் மீன், எந்தத் தடத்தில் மான், காற்று எப்பக்கம் என்று முன்னே நின்று சொன்னவர் இஷி. அவர் சொன்னதை ஏட்டில் குறித்தவர் நண்பர்கள். தடம் பார்க்கும் நண்பனின் வேலை முழுவதையும் அவர் செய்தார். தன் மக்களைக் கொன்ற இனத்தாருக்குத் தன் மக்கள் மறைந்திருந்த இடங்களைக் காட்டினார். இந்த நம்பிக்கையின் கனத்தை உடன் சென்றவர்கள் முழுதும் உணர்ந்தனரா என்பது ஐயத்துக்குரியது.

நகர வாழ்வு அவருக்குக் காசநோயைத் தந்தது. போப் இறுதிவரை பார்த்துக்கொண்டார். 1916 மார்ச்சு 25 அன்று இஷி மறைந்தார். பிரிவோர் தாம் போவதையும் மற்றவர் இருப்பதையும் கூறி விடைபெறுவது அவர் மக்களின் வழக்கம். வந்தனமும் ஆசியும் அதனுள் அடக்கம்.

தகனத்தின்போது அவருடைய வில்லொன்றும், 5 அம்புகளும், கருவாலிக் கொட்டை மாவு நிறைந்த ஒரு கூடையும், சிப்பிக் காசுகளும், புகையிலையும் உடன் வைத்தனர். நண்பர்கள் முறைதவறாமல் செய்தனர் என்று இதைப் படிப்போர் மகிழ்வர். ஆனால் தகனத்துக்கு முன்பே மருத்துவக் கல்லூரியில் உடல் அறுக்கப்பட்டது. இறந்தவர் உடலை அறுப்பது இஷிக்கு எவ்வளவு கொடியதாகத் தோன்றியது என்பதை நண்பர்கள் அறிவர். நியூயார்க்கில் இருந்த குரோபர் அதனைத் தடுக்கக் கடுமையான மடல் எழுதினார். மடல் வந்து சேருமுன் காரியம் முடிந்துவிட்டது. அருகிலேயே இருந்த போப் அதனைத் தடுக்கவில்லை. மூளையைத் தனியே எடுத்துவைத்தனர். 1917-இல் அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அனுப்பியவர், தடுத்து மடல் எழுதிய அதே குரோபர்.

டிராபி என்ற சொல் ஈண்டு நோக்கத்தக்கது. அது கிரேக்கத்தில் திரும்புதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. பகைவன் புறங்காட்டித் திரும்பிய இடத்திலேயே ஒரு மரத்தில் அவன் படைக்கலங்களைத் தொங்கவிடுவது அந்நாட்டு வழக்கம். பின்னர் அது விலங்கின் தலைக்கும் கொம்புக்கும் ஆயிற்று. 1922-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்தில் உலகத்துப் பெருவிலங்குகளின் தலைகளையும் கொம்புகளையும் திரட்டி ஒரு கூடம் திறந்தனர். மறைந்துவரும் பெருவிலங்குகளின் நினைவாக என்று அதனைப் படைத்தனர். மறையச் செய்தவர்களும் நினைவுக்கூடம் எழுப்பியவர்களும் ஒரே சமூகத்தார். கொம்பை வைத்ததும் மூளையை வைத்ததும் ஒரே மனநிலையின் இரு செயல்கள் என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் வேறு சொல் கிடைக்கவில்லை.

வேட்டையாடுவோர் அனைவரையும் இதில் சேர்த்துவிடுவது நேர்மையன்று. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஓர் இலட்சத்துக்கும் குறைவாகச் சுருங்கிய எல்க் இனம் இன்று ஏறத்தாழ 10 இலட்சமாகப் பெருகியதில், உரிமக் கட்டணமும் துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது விதிக்கப்பட்டு 1937-இல் வனவிலங்குக் காப்புக்கு ஒதுக்கப்பட்ட வரியும் ஆற்றிய பங்கு பெரிது. போப்பையும் பழித்துவிட இயலாது. 1918-இல் யாஹி வில்வித்தையைப் பற்றித் தனி ஆய்வு எழுதியவர் அவரே. தம் வேட்டை நூலையும் இஷியின் வரலாற்றோடுதான் தொடங்கினார். பெயரை மறைத்தவர் அவரல்லர். நூலில் இருந்த பெயர், பிற்காலத்தார் வைத்த கழகத்தின் பலகையில் விடுபட்டது. அவர் பின்னாளில் கையாண்டது நெடிய ஆங்கில வில்தான். அவ்வாறிருக்க இஷியின் பெயர் எதற்கு என்பாரும் உண்டு. கருவி மாறியது மெய்யே. அசையாமல் நின்று, காற்றைப் பார்த்து, இரையை அருகே வரவிடும் பொறுமையை எந்த வில்லில் கற்றார் என்பதுதான் கேள்வி.

இஷியின் மூளை எங்கே என்பதைப் பல்லாண்டுகள் எவரும் கேட்கவில்லை. கலிபோர்னியப் பழங்குடியினர் கேட்டனர். 1999-இல், அது இன்னும் ஸ்மித்சோனியனின் சேமிப்பிடத்திலேயே இருப்பது வெளிப்பட்டது. உறவினர் எவரும் இல்லை என்று கருதப்பட்ட அவருக்கு, யானா வழித்தோன்றல்கள் ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் ஆகிய பழங்குடிச் சமூகங்களில் உளர் என்று நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் வந்து பெற்றுச் சென்றனர். கல்லறையிலிருந்த சாம்பலையும் அத்துடன் சேர்த்து, லாசன் மலையடிவாரத்தில் அவருடைய பழைய நிலத்திலேயே அடக்கம் செய்தனர். எந்த ஓடையின் எந்த வளைவில் என்பதை அவர்கள் வெளியில் சொல்லவில்லை.